ஒரு பொட்டு அத்தர், ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை

நான் தச்சுப் பட்டறைக்காரன். மூக்கு முழுக்க மரத்தூள். சந்தன அத்தரில் என்னை யார் ஏமாற்றிவிட முடியும் என்றுதான் இருந்தேன். இரண்டு வருடம் முன்பு ஒரு கடையில் கண்ணாடிக் குச்சியால் மணிக்கட்டில் தொட்டு வைத்தார்கள். கமகமவென்று இருந்தது, அங்கேயே காசைக் கொடுத்துவிட்டேன். மதியம் சாப்பிடக் கை கழுவப் போகும்போது மோந்து பார்த்தால், பென்சில் சீவின வாசம்! சந்தன எண்ணெயில் செடார் எண்ணெய் கலப்பது பழைய வித்தை. பென்சிலுக்குப் பேர்போன மரமும் செடார் வகைதான்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அத்தர் கடைக்குப் போகிறேன். பட்டறை நாளில் வார்னிஷ் நெடி மூக்கை அடைத்திருக்கும். குளிக்கும்போது வாசனை சோப்பு வேண்டாம். கையில் தேங்காய் எண்ணெயும் வேண்டாம்; சந்தனத்துக்கே ஒரு பால் வாசம் உண்டு, தேங்காய் எண்ணெய் அதோடு சேர்ந்துகொண்டு சுமாரான சரக்கையும் உசத்தியாகக் காட்டிவிடும்.

மணிக்கட்டு உதவாது, கை கழுவினால் போய்விடும். முழங்கைக்குக் கீழே, உள்பக்கம், தீக்குச்சித் தலை அளவு போதும். தேய்க்காதீர்கள், தேய்த்தால் சூடேறி மேலாக நிற்கும் வாசம் சீக்கிரம் பறந்துவிடும். அரிப்போ சிவப்போ தெரிந்தால் உடனே கழுவிவிட்டு அத்தோடு விட்டுவிடுங்கள். பொட்டு வைத்ததும் வாங்காமலே கிளம்புங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

முதல் பத்து நிமிடத்தைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். நல்ல சந்தன எண்ணெயில் சுமார் 90 சதவீதம் சாண்டலால் என்ற கனமான பொருள். லேசில் ஆவியாகாது. அதனால் அசல் சரக்கு ஆரம்பத்தில் ஊமையாகத்தான் இருக்கும். எடுத்ததும் ரோஜாவும் எலுமிச்சையும் குதித்தால், அது கலவை. கலவை கெட்டதென்று சொல்லவில்லை, சந்தன விலை கொடுக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் இதைச் செய்யுங்கள். சந்தனக் கட்டையைக் கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு உரைத்து, இன்னொரு கையில் அதே இடத்தில் பூசுங்கள். கட்டையில் நடுவிலிருக்கும் வைரம் பாய்ந்த பகுதிதான் மணக்கும், வெளுத்த ஓரத்தில் ஒன்றுமிருக்காது. விழுது ஈரமாக இருக்கும்போதே மோந்து அந்த வாசத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், காய்ந்தால் அடங்கிவிடும். இரண்டு மணி நேரம் கழித்து அத்தர் கையின் வாசம் அந்த விழுது வாசத்துக்குக் கிட்டே வந்திருக்க வேண்டும்: வழவழப்பு, கொஞ்சம் பால், உள்ளே மெல்லிய மரம். தொண்டையில் சுருக்கென்று ஏறினாலோ, வெறும் சர்க்கரைத் தித்திப்பு மட்டும் நின்றாலோ வேண்டாம்.

நடுவில் வாசமே வரவில்லை என்று பதற வேண்டாம், மூக்கு பழகியிருக்கும். தெருவில் ஒரு நடை போய்விட்டு வந்து மோந்து பாருங்கள். வறண்ட தோலில் சீக்கிரம் அடங்கும், எனக்கு அப்படித்தான்.

அகில் அத்தருக்கு இந்தக் கணக்கு செல்லாது. அது மாட்டுத்தொழுவம் மாதிரி ஆரம்பித்து அப்புறம்தான் இனிக்கும். அரை மணி நேரத்தில் அதை வெறுத்துவிடாதீர்கள்.

சந்தன அத்தர் கையைச் சாயங்காலம் ஒரு தடவை, படுக்கும்முன் ஒரு தடவை மோந்து பாருங்கள். மறுநாள் காலையில் சட்டைக் கையின் உள்மடிப்பை மோந்து பாருங்கள். அந்தப் பால் வாசம் லேசாகவாவது ஒட்டியிருந்தால், 3 மில்லி குப்பி ஒன்று வாங்கலாம்.