ஆட்டோவில் எச்சரிக்கை படித்தால் மட்டும் போதாது: புயல் நேரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கஜா புயல் கரையைக் கடப்பதற்கு முந்தின நாள், 2018 நவம்பர் 15, நாகை மாவட்டத்தில் ஒரு மீனவ ஊரில் உதவிக்குப் போயிருந்தேன். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று வந்தது. “தென்மேற்கு வங்கக் கடலில் நிலைகொண்டுள்ள புயல் மேற்கு தென்மேற்குத் திசையில் நகர்ந்து...” என்று ஒருவர் தாளைப் பார்த்துப் படித்துக்கொண்டே போனார். வாசலில் கருவாட்டை அள்ளிச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டி நிமிர்ந்து, “என்ன தம்பி சொல்லிட்டுப் போறான், நம்மூருக்கு வருதா இல்லியா?” என்றார்.

அந்தக் கேள்விக்கு அந்தத் தாளில் பதில் இல்லை. வானிலை அறிக்கையை அப்படியே படிப்பதுதான் முதல் தவறு, எனக்குத் தெரிந்து பெரிய தவறும் அதுதான். 2013 நவம்பரில் பிலிப்பைன்ஸின் தக்லோபான் நகரத்தை ஹையான் புயல் தாக்கியபோது எச்சரிக்கை வராமல் இல்லை, ‘ஸ்டார்ம் சர்ஜ்’, அதாவது புயல் தள்ளிக்கொண்டு வரும் கடல் பெருக்கு, வரும் என்று சொல்லத்தான் செய்தார்கள். அந்தச் சொல் பலருக்குப் புரியவில்லை. சுனாமி மாதிரி வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று தப்பித்தவர்கள் பிறகு சொன்னார்கள், அதற்குள் நாடு முழுக்க 6,000 பேருக்கு மேல் இறந்துவிட்டார்கள். நம் ஊர் அறிக்கையில் வரும் ‘ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டல’மும் அதே கதைதான். “ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல காத்து ஆரம்பிக்கும், ஓட்டு வீடு தாங்காது, கடல் தண்ணி கோயில் மேடு வரைக்கும் வரலாம், இருட்டுறதுக்குள்ள பள்ளிக்கூடத்துக்குப் போயிடுங்க” என்று சொல்லிப் பாருங்கள், பாட்டி எழுந்திருப்பார்.

அப்புறம், ஊர் நம்பிக்கையை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது. இந்தோனேசியாவில் சிமெலுவே என்று ஒரு தீவு, 2004 சுனாமியைக் கிளப்பிய நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அங்கே 70,000 பேருக்கு மேல் வாழ்ந்தும் இறந்தது ஏழு பேர்தான். 1907-இல் வந்த பேரலையைப் பற்றி, ‘ஸ்மோங்’ என்ற பெயரில், பாட்டிமார்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த கதையே அவர்களைக் காப்பாற்றியது: நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. அதே நாளில் நம் கரைகளில் கடல் உள்வாங்கியதை வேடிக்கை பார்க்க இறங்கிப் போனவர்களை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

நம்பிக்கை ஆளைக் கொல்லவும் செய்யும், மறுக்கவில்லை. அதே இந்தோனேசியாவில் மெராபி எரிமலைக்குச் சடங்குக் காவலராக யோக்யகர்த்தா அரண்மனை அமர்த்தியிருந்த ம்பா மாரிஜான், 2006-இல் எரிமலை சீறியபோது ஊரைவிட்டு இறங்க மறுத்தார், உயிரோடும் இருந்தார். அதனால் 2010 அக்டோபரில் அவர் மறுபடியும் மறுத்தபோது, அவர் இருக்கிறாரே என்று சிலர் கூடவே தங்கினார்கள். அனல் மேகம் எல்லோரையும் கொண்டுபோனது. இப்படிப்பட்ட பெரியவரிடம் புகை கிளம்பின பிறகு போய் வாதாடிப் பயனில்லை, மலை அமைதியாக இருக்கும் வருஷங்களிலேயே போய் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். “கடலம்மா எங்கள ஒண்ணும் செய்யமாட்டா” என்று நாகை ஊரில் அந்தக் கருவாட்டுப் பாட்டி சொன்னபோது என்கூட வந்த இளைஞன் எரிச்சல்பட்டான். பக்கத்து வீட்டு அக்கா மட்டும், “சரி ஆத்தா, விளக்கேத்திக் கும்பிட்டுட்டு அம்மன் படத்தையும் எடுத்துக்கிட்டே வா” என்றார். பாட்டி வந்துவிட்டார், கையில் படம், பின்னால் ஆடு.

அந்த ஆட்டையும் முகாமுக்குள்ளே விட வேண்டும். வர மறுப்பவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று நினைத்துவிடுகிறோம், காரணத்தைக் கேட்பதில்லை. வங்கதேசத்தில் 1991 புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். புகலிடத்தில் பெண்களுக்கு மறைவான இடம் இல்லை, புருஷன் வராமல் வீட்டைவிட்டுக் கிளம்பும் வழக்கமும் இல்லை. மாடுகளை ஏற்றிவிட அங்கே ‘கில்லா’ என்று மண்மேடுகளே கட்டியிருக்கிறார்கள். நம் பள்ளிக்கூட முகாமில் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று முதல்நாளே போய்ப் பாருங்கள், வயசுப் பெண்ணை வைத்திருக்கும் தாய் அதைத்தான் முதலில் யோசிப்பார்.

யார் சொல்கிறார்கள் என்பதும் முக்கியம். நாகைக் கரையில் ஊர்ப் பஞ்சாயத்தார் ‘கடலுக்குப் போகக் கூடாது’ என்றால் ஒரு படகு இறங்காது, வெளியாள் நூறு தடவை சொன்னாலும் அந்த வலு வராது. 2017-இல் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்து ஆழ்கடல் படகுகள் பல, செல்போன் எட்டாத தூரத்தில் இருந்தன, கரையில் போட்ட அறிவிப்பு அவர்களுக்கு எதற்கு?

‘புயல் கடற்கரைக்காரங்க பாடு’ என்ற நினைப்பையும் அப்படியே விட்டுவிடாதீர்கள், கேட்டுத் திருத்துங்கள். கஜா உள்ளே புகுந்து பட்டுக்கோட்டை, பேராவூரணி, புதுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. புயலின் கண், அதாவது அதன் நடுப்பகுதி, மேலே கடக்கும்போது காற்று சட்டென்று நிற்கும், முடிந்தது என்று வெளியே வருவார்கள், கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். இதை முன்கூட்டியே வாயால் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று. எச்சரித்த புயல் திசை மாறிப் போய்விட்டால் நாம் பேசாமல் இருந்துவிடுகிறோம். மறுநாள் அதே தெருவுக்குப் போய், ஏன் மாறியது, நேற்று ஏன் கிளம்பச் சொன்னோம் என்று உட்கார்ந்து சொல்லுங்கள். திட்டுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் அதே கதவைத்தான் தட்டப் போகிறோம்.