மடிக்கணினி வியர்க்கும் ஊரில்

கனடாவின் வின்னிபெக்குக்கு வந்த முதல் ஜனவரியில் என் மடிக்கணினியை நானே கெடுத்தேன். காலையில் மைனஸ் 28 டிகிரியில் அரை மணி நேரம் பஸ்ஸுக்கு நிற்பேன். நூலகத்துக்குள் நுழைந்து கையுறையைக் கழற்றிய கையோடு கணினியை எடுத்து, சார்ஜரைச் செருகி, பொத்தானை அழுத்துவேன். அலுமினிய மூடியில் விரல் வைத்தால் ஈரம் தட்டும். மதுரையில் ஜிகர்தண்டா தம்ளரின் வெளிப்புறம் வழியுமே, அதே ஈரம். மாதக் கடைசியில் விசைப்பலகையின் இடதுபக்கம் நான்கு எழுத்துகள் வேலைநிறுத்தம் செய்தன. பழுது பார்த்தவர் அடிமூடியைக் கழற்றிக் காட்டினார். பழைய செம்புக் குடத்தில் ஏறுவதுபோல இணைப்பு ஒன்றில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது.

நான் பயந்தது வெளியே இருந்த குளிருக்கு. கெடுத்ததோ உள்ளே இருந்த வெதுவெதுப்பு. அறை 21 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 35 சதவீதம் என்றால், ஏறக்குறைய 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்து வரும் எந்தப் பொருளின் மேலும் நீர் பூக்கும். மூடிக்கு வெளியே பூத்தால் துடைத்துவிடலாம். உள்ளே சர்க்யூட் பலகையில் பூத்தால் எந்தத் துணி எட்டும்?

ஆகவே வேலை வீட்டிலேயே தொடங்குகிறது. கணினியை முழுவதுமாக அணையுங்கள். மூடியை மட்டும் சாத்திவைத்தால் அது பைக்குள் தானாகவே விழித்துக்கொள்ளக்கூடும். ஈரம் படுகிற நேரத்தில் உள்ளே மின்சாரம் ஓடக் கூடாது. அணைத்ததை ஜிப் வைத்த பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடுங்கள். அதைக் கம்பளிச் சால்வையில் சுற்றி முதுகுப்பையில், முதுகை ஒட்டிய அறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பை குளிரைத் தடுக்காது. திரும்ப அறைக்குள் வரும்போது நீர் பையின் வெளிப்புறத்தில் பூக்கும், கணினியின் மேல் பூக்காது. அதற்காகத்தான் அது.

சால்வையால் பயன் உண்டா என்று ஃப்ரிட்ஜில் வைக்கும் வெப்பமானியைப் பைக்குள் போட்டு ஒரு வாரம் பார்த்தேன். இருபது நிமிட நடையில் சால்வை இல்லாமல் 2 டிகிரிக்கு இறங்கியது, சால்வையோடு 11. மைனஸ் 25-க்குக் கீழே போனால் பையை மாட்டிக்கொண்டு அதன்மேல் கோட்டைப் போடுகிறேன். கூன் விழுந்தவள்போலத் தெரியும். போர்டேஜ் அவென்யூவில் அந்தக் காற்றில் யார் யாரைப் பார்க்கிறார்கள்?

காற்றடிப்பதால் உடம்புக்கு மைனஸ் 40 போல உறைக்கும் என்று வானொலியில் சொன்னாலும், கணினி உண்மையான காற்று வெப்பநிலைக்குக் கீழே போகாது. அங்கே வேகமாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான். ஆப்பிள் தன் மேக்புக்குகளை மைனஸ் 25 வரை அணைத்து வைக்கலாம் என்கிறது. இயக்குவதற்கோ 10 டிகிரியாவது வேண்டும் என்கிறது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் நம் பொறுமைக்கு வேலை.

காரின் டிக்கியில் இரவு முழுவதும் விடாதீர்கள். இங்கே காரைச் சுவர் பிளக்கில் செருகி எஞ்சினைச் சூடாக வைப்பார்கள்; டிக்கிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பஸ்ஸின் தரையிலும் பையை வைக்க வேண்டாம். காலணிகளோடு வந்த உப்பும் பனியும் கரைந்து அங்கே ஓடிக்கொண்டிருக்கும்.

அலுவலகம் சேர்ந்ததும் முதுகுப்பையைத் திறந்து, சால்வையைப் பிரித்து, பிளாஸ்டிக் பையை மட்டும் மூடியபடியே மேசைமேல் வைக்கிறேன். ஹீட்டரின் பக்கத்தில் வேண்டாம். எவ்வளவு நேரம்? என் மூக்குக் கண்ணாடி உள்ளே வந்ததும் மங்கி இரண்டு நிமிடத்தில் தெளியும். மெல்லிய கண்ணாடிக்கே இரண்டு நிமிடம் என்றால், ஒன்றரைக் கிலோ உலோகத்துக்கு ஒரு மணி நேரம் கொடுப்பதுதான் நியாயம். டிக்கியில் கிடந்ததென்றால் மூன்று நான்கு மணி நேரம். புறங்கையைப் பைமேல் வைத்துப் பார்க்கிறேன். சில்லென்றால் இன்னும் ஆகவில்லை.

போன வருடம் எங்கள் மாடிக்குக் குடிவந்த மாணவன் கேட்டான்: “அக்கா, பேட்டரி 12 சதவீதம்தான் இருக்கிறது. சார்ஜ் மட்டும் போட்டு வைக்கட்டுமா?”

“அதைத்தான் கடைசியில் செய்ய வேண்டும், தம்பி.”

குளிரில் பேட்டரி சதவீதம் சரிந்து காட்டுவது பெரிய விஷயமல்ல. சூடு ஏறினால் பெரும்பாலும் மீண்டுவிடும். பேட்டரி பூஜ்ய டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது சார்ஜ் ஏற்றுவதுதான் வினை. பேட்டரியில் உள்ள லித்தியம் மின்முனைக்குள் நுழைய முடியாமல் அதன்மேல் உலோகமாகப் படியும். அப்படிக் குறைந்த கொள்ளளவு திரும்பி வராது, பேட்டரியின் பாதுகாப்பும் கெடும்.

இதையெல்லாம் படிப்பதற்கு முன்பே உங்கள் கணினி வியர்த்துவிட்டதா? உடனே அணையுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள், மூடியைத் திறந்து கூடாரம்போலக் கவிழ்த்து ஒரு நாள் விடுங்கள். மின்விசிறி வைக்கலாம், முடி உலர்த்தும் கருவி வேண்டாம். அரிசிக்குள் புதைக்கச் சொல்லி யாராவது வருவார்கள். தவிடும் தூசியும்தான் உள்ளே போகும். ஜனவரி மாதம், அந்த அரிசியைப் பொங்கலுக்கு எடுத்துவையுங்கள்.