ட்விலைட் கதைய பெல்லாவோட அப்பா சொன்னா எப்படி எழுதுறது?

ட்விலைட் நாவல்ல கதைய சொல்றது பெல்லா, அத வேற ஆளோட பார்வைல எழுதணும்னா முக்கால்வாசி பேரு அவளோட காதலன், ரத்தம் குடிக்கற வேம்பயர் எட்வர்டதான் எடுப்பாங்க, ஆனா அத மூல நாவல எழுதின ஸ்டெபனி மேயரே 2020ல மிட்நைட் சன்னுன்னு எழுதிட்டாங்க, அதனால வேற ஆள பிடிங்க. என்னைக் கேட்டா பெல்லாவோட அப்பா சார்லி. ஃபோர்க்ஸ் ஊருக்கே போலீஸ் சீஃப், வீட்டுக்குள்ள நடக்கறது மட்டும் தெரியாது.

ஆள தேர்ந்தெடுக்கும்போது ஒண்ணுதான் பாக்கணும், பெல்லாவுக்குத் தெரியாத எது இந்த ஆளுக்குத் தெரியும்? சார்லிக்கு வேம்பயர் பத்தி ஒண்ணுமே தெரியாது, ஆனா மனைவி ரெனே விட்டுட்டுப் போன அன்னிக்கு எப்படி வலிச்சுதுன்னு அவருக்குத்தான் தெரியும்.

ஜேம்ஸ்ங்கற வேம்பயர் பெல்லாவ துரத்தறப்ப அப்பாவ காப்பாத்தறதுக்காக பெல்லா சண்ட போட்டுட்டு கிளம்புவால்ல, அப்ப அம்மா சொல்லிட்டுப் போன அதே வார்த்தைய வேணும்னே சொல்லுவா. அவளுக்கு உயிர் பயம், அதனால அவ சொல்றப்ப கதை உடனே ஓட ஆரம்பிச்சிடுது. சார்லி அந்த வீட்லயே நிக்கறாரு, ரெண்டாவது தடவையா அதே வார்த்தைய கேட்டுட்டு. இங்க அவசரப்படாதீங்க, ஒரு முழு அத்தியாயமே போனாலும் பரவால்ல, இந்த ஒரு இடத்துக்காகவே சார்லி கதைய எழுதலாம்னு நான் சொல்வேன். அப்புறம் மக ஃபீனிக்ஸ் ஹோட்டல்ல படில உருண்டு ஜன்னல் வழியா விழுந்து கால உடச்சிக்கிட்டான்னு அவர்கிட்ட பொய் சொல்றாங்க, இத்தன வருஷம் போலீஸ்ல இருந்தவரு அத எப்படி கேட்டுப்பாரு?

எழுதறதுக்கு முன்னாடி மூல நாவல நோட்டு வெச்சிக்கிட்டு திரும்பப் படிங்க. ஒவ்வொரு அத்தியாயத்துலயும் சார்லி எங்க இருந்தாரு, என்ன பாத்தாரு, அவர்கிட்ட என்ன பொய் சொன்னாங்கன்னு எழுதுங்க. ஒரே வரில கடந்து போற விஷயங்கள்தான் உங்களுக்கு காட்சியா மாறும். பெல்லா ராத்திரி நழுவிடுவாளோன்னு அவ டிரக்கோட பேட்டரி வயர கழட்டி விட்டுட்டாருன்னு எட்வர்ட் போற போக்குல சொல்லுவான், அந்த ராத்திரி எட்வர்டே அவ ரூம்லதான் இருந்தான்! ஆனா அத சார்லி வாயால ஜாடையா கூட சொல்லக் கூடாது, அவருக்குத் தெரியாதது பக்கத்துல வரவே கூடாது, வாசகர்களுக்குத்தான் ஏற்கனவே தெரியுமே.

பெல்லாவும் அவரும் சேர்ந்து இருக்கற சீன்ல நடந்தத மாத்தாதீங்க, பேச்ச அப்படியே காப்பி அடிக்கவும் வேணாம், ரெண்டு மூணு வரி போதும், மீதி அவர் என்ன கவனிச்சாருன்னு போகட்டும். சார்லி அதிகம் பேசாத ஆளு, மனச கொட்டி பக்கம் பக்கமா புலம்ப விட்டா அவரு சார்லியே இல்ல. மீன் பிடிக்கப் போறது, டிவில மேட்ச் பாக்கறது, மக முகத்த ஒரு செகண்ட் கூடுதலா பாக்கறதுன்னு செய்யற வேலைலயே காட்டுங்க.

முடிச்சதும் கதை போடற தளங்களான வாட்பேட்லயோ ஏஓ3லயோ ஃபேன்ஃபிக்னு (ரசிகர் எழுதின கதைன்னு) போட்டு இலவசமா குடுங்க. விக்கற ஐடியா வேணாம், கதாபாத்திரங்களோட உரிமை மேயர்கிட்டதான் இருக்கு.