மாதிரிக் காரின் டயரில் வெள்ளைப் பட்டை தீட்டுவது எப்படி

1950களின் கார் ஒன்றை மாதிரியாகச் செய்து முடிக்கும்போது, உடற்பகுதியின் வண்ணமும் பம்பரின் குரோமியப் பளபளப்பும் எவ்வளவு நேர்த்தியாக அமைந்திருந்தாலும், டயரின் பக்கவாட்டில் ஓடும் வெள்ளைப் பட்டை சற்றே கோணிவிட்டால் வண்டி முழுவதுமே கோணலாகத் தெரியும். வட்டத்தில் ஒரு நூலளவு பிசகு இருந்தாலும் கண் அதை உடனே பிடித்துவிடும். புதிதாகத் தொடங்குபவர்கள் பலரும் டயரை ஒரு கையில் அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையிலுள்ள தூரிகையை அதைச் சுற்றி நகர்த்துகிறார்கள். எவ்வளவு பழகிய கையானாலும் இவ்வாறு ஒழுங்கான வட்டம் வராது. குயவர் பானையின் கழுத்தில் கோடு போடும்போது கையை ஓரிடத்தில் ஊன்றிக்கொண்டு சக்கரத்தைச் சுழல விடுகிறார் அல்லவா, அதே முறைதான் இங்கும் வேண்டும்: தூரிகை நிற்க வேண்டும், டயர் சுழல வேண்டும்.

முதலில் பட்டையின் அகலத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். தொடக்க காலத்தில் ரப்பருடன் துத்தநாக ஆக்சைடு கலக்கப்பட்டதால் டயர் முழுவதுமே வெண்மையாக இருந்தது. உறுதிக்காகக் கார்பன் கறுப்பு என்னும் நுண்ணிய கரித்தூளைச் சாலையில் படும் பகுதியில் மட்டும் சேர்த்தபோது பக்கவாட்டில் வெண்மை எஞ்சியது. அதுவே பின்னாளில் ஆடம்பர அடையாளமாயிற்று. 1950களின் அமெரிக்கக் கார்களில் பட்டை ஏறத்தாழ இரண்டரை அங்குல அகலம் இருந்தது. 1962ஆம் ஆண்டு மாடல்கள் வந்தபோது அது ஓர் அங்குல அளவுக்குச் சுருங்கிப் போனது. ஆகவே 1:24 அளவிலான, அதாவது உண்மைக் காரில் 24இல் ஒரு பங்கான, 1957 செவர்லே பெல் ஏருக்குப் பட்டை 2.6 மி.மீ. இருக்க வேண்டும், அதே கார் 1:43 அளவில் என்றால் 1.5 மி.மீ. போதும். 1962க்குப் பிந்தைய காருக்கு 1:24 அளவில் 1 மி.மீ. கோடே சரியானது. அறுபதுகளின் நடுப்பகுதிக் கார் ஒன்றுக்கு அகலப் பட்டை தீட்டிவிட்டால், தீட்டல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் விவரமறிந்தவர் கண்ணுக்கு அது பிழையாகவே படும்.

அடுத்தது வண்ணத்தின் வகை. என் அனுபவத்தில் பெரும்பாலானவர்கள் தோற்பது இங்கேதான். மாதிரி வண்டிகளின் டயர்களில் பல, உண்மையான ரப்பரால் அல்லாமல் மென்மையான வினைலால் ஆனவை. அந்த மென்மைக்காகச் சேர்க்கப்படும் பிளாஸ்டிசைசர் என்னும் எண்ணெய்த் தன்மையுள்ள பொருள் காலப்போக்கில் மெல்ல மெல்ல வெளியே கசிந்துகொண்டே இருக்கும். அதன் மீது எனாமல் என்னும் எண்ணெய் சார்ந்த வண்ணத்தைப் பூசினால் அது முழுமையாக உலராது. நான் முதன்முதலில் செய்த பெல் ஏருக்கு எனாமல் வெள்ளையைத்தான் பூசினேன். பூசிய அன்று கண்ணாடி போல அழகாக இருந்தது. மூன்று வாரம் கழித்து விரலை வைத்தபோது ரேகை அப்படியே பதிந்தது; அலமாரித் தூசி முழுவதும் பட்டையில் ஒட்டி அது சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. நான்கு டயர்களையும் தூக்கி எறிந்துவிட்டு மறுபடியும் தொடங்க வேண்டியதாயிற்று. எனவே நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தை மட்டும் பயன்படுத்துங்கள்.

இதற்காக வெளிநாட்டுப் புட்டிகளைத் தேடி அலைய வேண்டிய அவசியம் இல்லை. தி. நகரிலோ மயிலாப்பூரிலோ எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும் துணிக்கான அக்ரிலிக் வண்ணம் இந்த வேலைக்கு மிக ஏற்றது; துணி மடங்கும்போது வெடிக்காமல் வளைந்துகொடுக்கும்படி அது தயாரிக்கப்படுவதால், டயரைச் சக்கரத்தில் ஏற்றும்போது இழுபட்டாலும் எளிதில் உரிந்து வராது. ஓவியர்களுக்கான வண்ணத்தை வாங்குவதானால் துத்தநாக வெள்ளையைத் தவிர்த்து டைட்டேனியம் வெள்ளை என்று கேட்டு வாங்குங்கள். கறுப்பை மறைக்கும் வலு அதற்குத்தான் அதிகம். தூய வெள்ளையை அப்படியே பூசுவதை நான் விரும்புவதில்லை. சிறிய அளவில் அது சுண்ணாம்பு அடித்ததுபோல் கண்ணை உறுத்தும். பத்துத் துளி வெள்ளைக்குக் குண்டூசி முனையளவு மஞ்சள் காவியும் அதே அளவு கறுப்பும் சேர்த்தால் பழைய ரப்பரின் நிறம் வந்துவிடும்.

பூசுவதற்கு முன் டயரை வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு இட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். தயாரிக்கும்போது வார்ப்பு அச்சிலிருந்து எளிதாகக் கழற்றுவதற்காகப் பூசிய மெழுகோ எண்ணெயோ மேலே இருந்தால் எந்த வண்ணமும் பிடிக்காது. உலர்ந்தபின், பட்டை வரவேண்டிய இடத்தை மட்டும் 600 எண் வாட்டர் பேப்பரால் லேசாக உரசி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்ந்த துணியால் ஒரு முறை துடையுங்கள். அதன்பின் அந்த இடத்தை விரலால் தொடக்கூடாது.

இனி டயரைச் சுழற்றும் ஏற்பாடு. ரிச்சி தெருவில் மாணவர்கள் ரோபோ செய்வதற்காக வாங்கும் 12 வோல்ட் கியர் மோட்டார்கள் கிடைக்கும். அவற்றில் நிமிடத்துக்கு 30 சுற்று அல்லது அதற்கும் குறைவாகச் சுழல்வதைக் கேட்டு வாங்குங்கள். அதன் தண்டில், டயரின் துளைக்குள் இறுக்கமாக நுழையும் ரப்பர் அழிப்பான் துண்டு ஒன்றை வட்டமாகச் செதுக்கிச் செருகி, டயரை அதன்மேல் மாட்டுங்கள். வண்ணம் தொடுவதற்கு முன்பு மோட்டாரை ஓடவிட்டு, ஒரு பென்சில் முனையை டயரின் ஓரத்துக்கு மிக அருகில் அசையாமல் பிடித்துப் பாருங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் டயர் மையத்தில் உட்காரவில்லை என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் மேலே போகக்கூடாது. பிறகு முன்கையை மேசையில் ஊன்றி, மணிக்கட்டை ஒரு தடித்த புத்தகத்தின் மீது வைத்து, ஒன்றாம் எண் உருண்டைத் தூரிகையில் மோர் பதத்துக்குக் கரைத்த வண்ணத்தைச் சிறிதளவு தொட்டு, பட்டையின் நடுப்பகுதியில் மெல்லத் தொடுங்கள். முதல் சுற்றிலேயே ஈரமான வளையம் ஒன்று தோன்றும். அந்த ஈரத்தைத் தூரிகையின் முனையால் வெளிப்புற எல்லையை நோக்கி மிக மெதுவாகத் தள்ளிக்கொண்டு போங்கள். பெரிய அளவிலான டயர்கள் பலவற்றில் பட்டையின் எல்லையில் மெல்லிய மேடு ஒன்று இருக்கும். வண்ணம் அந்த மேட்டைத் தொட்டதும் தானாகவே அங்கு நின்றுவிடும்.

முதல் பூச்சில் கறுப்பு தெரியத்தான் செய்யும். அதை மறைப்பதற்காகக் கெட்டியாகப் பூசினால் ஓரம் தடித்து, உலரும்போது விரிசல் விடும். முதல் பூச்சை வெளிர்சாம்பல் நிறத்தில் இட்டு, அதன்மேல் மெல்லிய வெள்ளைப் பூச்சு மூன்றோ நான்கோ கொடுப்பதே நல்லது.

மேடு இல்லாத வழவழப்பான டயர்களுக்கும், 1:43 போன்ற சிறிய அளவுகளுக்கும், மை ஊற்றி வரையும் கவராயம் சிறந்தது. வரைபடக் கருவிகள் விற்கும் கடைகளில் அதைக் கேட்டுப் பாருங்கள். டயரின் துளையை அழிப்பான் துண்டால் அடைத்து, மையத்தில் ஊசியால் குறியிட்டு, கவராயத்தின் இரு அலகுகளுக்கிடையே பால் பதத்துக்குக் கரைத்த வண்ணத்தை ஒரு துளி விட்டு, முதலில் வெளி எல்லையை மட்டும் வளையமாக வரைந்துகொள்ளுங்கள். அது உலர்ந்தபின் உட்பகுதியைத் தூரிகையால் நிரப்பலாம். அகலப் பட்டையானால் உள் எல்லை சக்கரத்தின் விளிம்புக்குள் மறைந்துவிடும் என்பதால் அதற்காகப் பாடுபட வேண்டாம். உங்கள் பொறுமை முழுவதையும் வெளி எல்லைக்கே ஒதுக்குங்கள்.

ஓரத்தில் வண்ணம் வழிந்துவிட்டால் உடனே துடைக்க முயலாதீர்கள். துடைத்தால் கறுப்பின் மீது வெண்புகை போலப் பரவிவிடும். ஒரு மணி நேரம் கழித்து, பல்குச்சியின் முனையை ஆல்கஹாலில் நனைத்து, டயரைச் சுழலவிட்டபடியே அந்த இடத்தில் வைத்தால் வழிந்தது மட்டும் சுருண்டு வரும்.

சென்னையின் காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். சித்திரை வெயிலில் மின்விசிறிக்கு அடியில் வேலை செய்தால் வண்ணம் தூரிகையிலேயே காய்ந்துவிடுகிறது; வண்ணத்தட்டில் அவ்வப்போது ஒரு துளி நீர் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலோ பூச்சுகளுக்கிடையே ஒரு மணி நேரம் போதாது. நான் ஓர் இரவு முழுவதும் விட்டுவிடுகிறேன். மழைநாளில் மேற்பூச்சுக்காக லாக்கர் ஸ்பிரே அடிப்பதைத் தவிருங்கள், காற்றின் ஈரம் அதில் படிந்து பூச்சு பால்போல் வெளுத்துவிடும். நீரில் கரையும் மங்கல் வார்னிஷைத் தூரிகையால் ஒரு முறை பூசினால் போதுமானது.

கடைசிப் பூச்சு உலர்ந்து ஒரு வாரம் ஆனபின் டயரைச் சக்கரத்தில் ஏற்றுங்கள். சற்றுச் சூடான நீரில் அரை நிமிடம் இட்டு எடுத்தால் வினைல் இளகும். வெள்ளைப் பட்டையில் கட்டைவிரல் படாமல், சாலையில் படும் பகுதியைப் பிடித்தே அழுத்த வேண்டும். வினைலிலிருந்து கசியும் அதே பிளாஸ்டிசைசர், பாலிஸ்டைரீன் சக்கரத்தையும் நாளடைவில் உருக்கிவிடக்கூடும் என்பதால், சக்கரத்தில் டயர் உட்காரும் பள்ளத்தைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தாள் ஒரு சுற்றுச் சுற்றி, அதன்மேல் டயரை மாட்டுங்கள்.