புதிய புறநகர் மின்சார ரயில்: ஓடத் தொடங்குமுன் ரேக்கையும் ஓட்டுநர்களையும் தயார் செய்வது எப்படி?

புதிய புறநகர் சேவைக்கான வேலை தொடங்கும் நாளில் முதலில் கையில் எடுக்க வேண்டியது அளவுநாடா. நம் மின்சார ரயில் பெட்டியின் அகலம் 3.66 மீட்டர். எக்ஸ்பிரஸ் பெட்டி 3.25 மீட்டர்தான். அதாவது பக்கத்துக்கு 20 சென்டிமீட்டர் கூடுதலாகத் துருத்தும். எக்ஸ்பிரஸ் ரயில்கள் பல வருடமாக உரசாமல் போன வழிதானே என்று நம்பிவிடாதீர்கள். சிக்னல் கம்பம், நடைமேம்பாலத் தூண், பிளாட்பாரக் கூரையின் விளிம்பு என எல்லாவற்றையும் திரும்ப அளக்க வேண்டும். உயரமும் அப்படியே. ஐசிஎஃப் (சென்னைப் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை) கட்டிய முதல் ஏசி புறநகர் ரயில் 2016-ல் மும்பைக்குப் போனது. மத்திய ரயில்வே வழியில் தாழ்வான மேம்பாலங்களுக்கு அதன் உயரம் ஒத்துவரவில்லை. மேற்கு ரயில்வேக்கு மாற்றி, 2017 டிசம்பர் 25 அன்றுதான் பயணிகளை ஏற்ற முடிந்தது.

பிளாட்பாரத்தில் இரண்டு அளவுகள் முக்கியம். தண்டவாள மையத்திலிருந்து விளிம்புக் கல் வரை 1670 முதல் 1680 மிமீ. தண்டவாள மட்டத்திலிருந்து உயரம் 760 முதல் 840 மிமீ. ஜல்லி இட்டு டேம்பிங் செய்தால் (எந்திரத்தால் இடித்து இறுக்கினால்) தண்டவாளம் உயரும், அந்த அளவுக்குப் பிளாட்பாரம் தாழும். டேம்பிங்குக்கு முன் எடுத்த அளவை வைத்துக் கையெழுத்துப் போட்டால், திறப்பு நாளில் முதியவர்கள் ஏற முடியாமல் தவிப்பார்கள். அதனால் கடைசி டேம்பிங் முடிந்த பிறகே அளக்க வேண்டும். 12 பெட்டி ரேக்கின் (ஒன்றாகக் கோத்த பெட்டித் தொடரின்) நீளம் சுமார் 256 மீட்டர். நிறுத்தத்தில் ஏற்படும் பிசகுக்கும் சேர்த்து 270 மீட்டர் பிளாட்பாரம் வேண்டும். 9 பெட்டிக்கும் 12 பெட்டிக்கும் தனித்தனி நிறுத்தப் பலகை வையுங்கள். மகளிர் பெட்டி நிற்கும் இடம் தினமும் மாறினால் கூட்டம் பிளாட்பாரத்தில் ஓடும். ஒவ்வொரு நிலையத்திலும் பத்து விநாடி போகும்.

புதிய பாதையானால் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ஆய்வு செய்து அனுமதிக்காமல் பயணிகளை ஏற்றக் கூடாது. புதிய வகைப் பெட்டிக்கும் அவர் ஒப்புதல் வேண்டும். மணல் மூட்டை ஏற்றி ஓட்டும் அதிர்வுச் சோதனையும், அவசர பிரேக்கில் எத்தனை மீட்டரில் நிற்கிறது என்ற சோதனையும் இதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

எத்தனை ரேக், எத்தனை பேர்?

ஒரு கணக்கு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 50 நிமிடம், இரு முனையிலும் பத்துப் பத்து நிமிடம் நிற்கும் என்றால் ஒரு சுற்று 120 நிமிடம். 15 நிமிடத்துக்கு ஒரு ரயில் வேண்டுமானால் 8 ரேக் ஓட வேண்டும். பழுதுக்கு ஒன்று தயார் நிலையில், பராமரிப்பில் ஒன்று, ஆக 10. எட்டை மட்டும் கேட்டு வாங்கி அட்டவணை போட்டால், இரண்டாவது வாரத்திலிருந்து ரயிலை ரத்து செய்ய நேரும்.

நெரிசல் நேரம் 6 மணி நேரம் 8 ரேக், மீதி 14 மணி நேரம் 4 ரேக் என்றால் நாளுக்கு 104 ரயில்-மணி. ஒரு மோட்டார்மேன் (மின்சார ரயில் ஓட்டுநர்) ஒரு டூட்டியில் உண்மையில் ஓட்டுவது 5 மணி நேரம் என்று கொண்டால் 21 டூட்டி. வார ஓய்வுக்காக அதை 7/6-ஆல் பெருக்கி, விடுப்புக்கும் பயிற்சிக்கும் 30 சதவீதம் கூட்டினால் 32 பேர் வேண்டும். கார்டுகளுக்கும் (2022 முதல் பதவிப் பெயர் டிரெயின் மேனேஜர்) இதே கணக்குதான்.

முனையத்தில் திரும்பி ஓட்ட, மோட்டார்மேன் ரேக்கின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கேபின் மாறும் நேரத்தைக் காகிதத்தில் பார்க்காமல் நடந்து பாருங்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு 256 மீட்டர் நடக்க 4 நிமிடம், இந்தக் கேபினை அடைக்க ஒன்று, அந்தக் கேபினை எழுப்பிப் பிரேக் சோதிக்க இரண்டு. 8 நிமிடத்துக்குக் குறைவாக வைத்தால் தாமதம் ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்துகொண்டே போகும். அதற்குக் குறைவாகத்தான் நேரம் இருக்கிறது என்றால் ரேக்கின் மறுகோடியில் இன்னொரு மோட்டார்மேனைக் காத்திருக்க வையுங்கள். வந்தவர் அடுத்த ரேக்கை எடுப்பார்.

மோட்டார்மேன் கேபினில் கழிவறை கிடையாது. லிங்க் (ஓட்டுநர்களின் டூட்டி அட்டவணை) போடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முனையிலாவது பத்து நிமிடமும், பெண் ஊழியர்களுக்குப் பூட்டுடன் கூடிய சுத்தமான கழிவறையும் இருந்தே தீர வேண்டும். தண்ணீர் குடிக்கப் பயந்து ஒருவர் ஆயிரக்கணக்கானோரை ஏற்றிக்கொண்டு ஓட்டக் கூடாது.

ஷெட்டில் ரேக்

காலையில் ரேக் உயிர்பெறுவது 110 வோல்ட் பேட்டரியில். காற்றுத் தொட்டி காலியாக இருக்கும்போது பான்டோகிராஃபை (மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கூரைச் சட்டத்தை) தூக்கக் காற்று தருவது பேட்டரியில் ஓடும் சிறிய துணைக் கம்ப்ரஸர். இரவெல்லாம் விளக்கும் விசிறியும் ஓடி பேட்டரி தளர்ந்தால் அந்தக் கம்ப்ரஸர் சுற்றாது, பான்டோகிராஃப் எழாது. முதல் ரயிலே போய்விடும். இரவு ரேக்கை நிறுத்துபவர் எல்லா சுவிட்சையும் அணைத்தாரா என்பதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

பிறகு காற்று. பிரேக் பைப்பில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ வந்ததும் ஊட்டலை நிறுத்தி முள்ளைப் பாருங்கள். நிமிடத்துக்கு 0.2 கிலோவுக்கு மேல் இறங்கினால் கசிவு. பெரும்பாலும் பெட்டிகளுக்கு இடையிலுள்ள ஹோஸ் வாஷரில்தான் இருக்கும். அடுத்து மின்-காற்று பிரேக்கை (மின் கட்டளையில் இயங்கும் காற்று பிரேக்கை) போட்டு, ஒருவர் கீழே நடந்து ஒவ்வொரு பெட்டியிலும் கட்டை சக்கரத்தைப் பிடிக்கிறதா, விடும்போது விலகுகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். இதையே ஆட்டோ பிரேக்கிலும் (பிரேக் பைப்பில் காற்று குறைந்தால் பிடிப்பது), இரண்டு கேபினிலிருந்தும் செய்ய வேண்டும். ஓட்டுபவர் அழுத்திப் பிடித்தே இருக்க வேண்டிய டெட்மேன் கைப்பிடியை விட்டால் பிரேக் தானாக விழ வேண்டும். புது ஆட்கள் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று: பின் கேபினில் பிரேக் காக்கை (அடைப்பு வால்வை) மூடாமல் வந்துவிடுவார்கள். முன்னால் எவ்வளவு காற்று ஏற்றினாலும் முள் 5-க்கு வராது. கம்ப்ரஸர் பழுது என்று நினைத்து இருபது நிமிடம் தேடுவார்கள். முள் ஏறவில்லை என்றால் முதலில் பின் கேபினுக்கு ஆள் அனுப்புங்கள்.

தானியங்கிக் கதவுள்ள ஏசி ரேக்கில் (சென்னையில் கடற்கரை–செங்கல்பட்டு வழியில் 2025 ஏப்ரல் 19-ல் தொடங்கியது) ஒரு கதவு மூடாவிட்டாலும் ரயில் இழுக்காது. பை சிக்கும், கால் குறுக்கே நிற்கும். மூடாத கதவைக் கண்டுபிடித்து, சாவியால் தனிமைப்படுத்திப் பூட்டி, “இந்தக் கதவு இயங்காது” என்ற ஒட்டியை ஒட்டிவிட்டுத் திரும்புவதை 2 நிமிடத்தில் முடிக்கும்வரை கார்டுகளைப் பழக்குங்கள்.

மோட்டார்மேன்

சரக்கு ரயில் ஓட்டியவர் கை வேறு. ஒரு கிலோமீட்டருக்கு முன்பே பிரேக் தொட்டுப் பழகியவர் பிளாட்பாரத்துக்குள் ஊர்ந்து வருவார். நிலையத்துக்கு 15 விநாடி போனால், 20 நிலையத்தில் 5 நிமிடம். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. காலி ரேக்கில் ஒரே நிலையத்துக்குப் பத்து முறை வரவிட்டு, பிரேக் போடும் இடத்துக்கு ஓர் அடையாளத்தை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மழை பிடிக்கும் முதல் நாள் மட்டும் அந்த அடையாளம் செல்லாது. தூசியும் நீரும் சேர்ந்து சக்கரம் வழுக்கும், தேய்ந்து ஒரு பக்கம் தட்டையாகும். அன்றைக்கு முன்கூட்டியே, மெதுவாகப் பிடிக்க வேண்டும்.

வழி பழக்கம் குறைந்தது மூன்று நடை, அதில் இரவு நடை கட்டாயம். பகலில் தனியாகத் தெரியும் சிக்னல் இரவில் கடைவீதி விளக்குகளுக்கு நடுவே தொலைந்துபோகும். ஒவ்வொருவரும் சொந்தக் கையால் குறிப்பேடு எழுத வேண்டும்: சிக்னல் எந்தப் பக்கம், ஏற்றம் எங்கே, எந்த நிலையத்தில் பிளாட்பாரம் எந்தக் கைப்பக்கம்.

25 கிலோவோல்ட் வழியில் மின்சாரம் இல்லாத நியூட்ரல் பகுதியைத் தனியாகக் கற்பிக்க வேண்டும். 500 மீட்டரிலும் 250 மீட்டரிலும் எச்சரிக்கைப் பலகை வரும். பிரேக்கரைத் (ரேக்கின் முதன்மை மின் சுவிட்சை) திறந்து, ஓடும் வேகத்திலேயே கடந்து, கடைசி மோட்டார் பெட்டியின் பான்டோகிராஃபும் தாண்டிய பிறகே மூட வேண்டும். அதற்குச் சற்று முன்னால் ஒரு சிக்னல் இருந்தால் அதுதான் ஆபத்து. சிவப்பில் நின்று கிளம்பும் ரேக் வேகம் பிடிக்காமல் நடுவிலேயே நின்றுவிடும். அங்கே சிக்னலுக்கு எவ்வளவு தள்ளி நிறுத்தினால் வேகம் கிடைக்கும் என்பதைச் சோதனை ஓட்டத்தில் அளந்து குறிப்பேட்டில் ஏற்றுங்கள்.

தானியங்கி சிக்னல் பகுதிக்குத் தகுதிச் சான்று தனி. சிவப்பில் பகலில் 1 நிமிடம், இரவில் 2 நிமிடம் நின்று, பிறகு எச்சரிக்கையாக நகர வேண்டும். அட்டவணை பின்தங்கும் நாளில் அந்த இரண்டு நிமிடத்தைச் சுருக்கச் சொல்லி எவரும் போனில் அழுத்தக் கூடாது. கார்டுக்கும் மோட்டார்மேனுக்கும் இடையிலான மணியும் அப்படித்தான்: ஒன்று நில், இரண்டு கிளம்பு. ஸ்டார்ட்டர் சிக்னலை (நிலையத்தை விட்டுக் கிளம்ப அனுமதிப்பது) தானே பார்க்காமல் கார்டு இரண்டு அடிக்கக் கூடாது.

கடைசி ஒரு வாரம் முழு அட்டவணையையும் பயணிகள் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். லாபியில் (ஓட்டுநர்கள் டூட்டிக்கு வந்து பதியும் அலுவலகம்) கையெழுத்து, மது அருந்தினாரா என்ற மூச்சுச் சோதனை, முதல் ரயில், கடைசி ரயில் என எல்லாம் உண்மையான ஆட்களுடன் நடக்க வேண்டும். ஒருநாள் சொல்லாமல் ஒரு ரேக்கை நடுவழியில் “பழுதாக்கி”, தயார் ரேக் எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று பாருங்கள். ரேக் பத்து நிமிடத்தில் தயாராகி, அதை எடுக்க மோட்டார்மேன் அரைமணி கழித்து வந்தால், அவருக்கான காத்திருப்பு அறையை லாபியிலிருந்து அந்த ரேக் நிற்கும் சைடிங் (பக்கத் தண்டவாளம்) பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள்.