ஃபயர்வாலை அணைத்துவிட்டுக் கோப்புகளைப் பகிராதீர்கள்: வீட்டு நெட்வொர்க்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு விண்டோஸ் கணினியில் ஃபோல்டரை ஷேர் செய்தாகிவிட்டது. அடுத்த அறையில் இருக்கும் லேப்டாப்பில் திறந்தால் ‘அணுக முடியவில்லை’ என்று வருகிறது. நெட்வொர்க் வழியாகக் கணினிக்குள் வருவதை விதிகளின்படி தடுக்கும் காவல் நிரலான ஃபயர்வாலை அணைத்தால் உடனே திறக்கிறது. பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். ஆனால் அணைத்துப் பார்ப்பது ஒரு நிமிடச் சோதனை மட்டுமே. தடை ஃபயர்வாலில்தான் இருக்கிறது என்று அது காட்டும். எந்த விதி தடுக்கிறது என்று காட்டாது. சோதனை முடிந்ததும் ஃபயர்வாலைத் திரும்ப இயக்கிவிட்டு, அந்த விதியைத் தேட வேண்டும்.

அணைத்தபடியே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை என்ற தீநிரலே போதும். விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்குப் பயன்படும் எஸ்.எம்.பி. நெறிமுறையின் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாக அது நுழைந்தது. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. அந்தப் பகிர்வு நடக்கும் 445-ஆம் போர்ட் (இணைப்புகள் உள்ளே வரும் எண்ணிட்ட வாசல்) திறந்திருந்து, அந்த ஆண்டு மார்ச்சில் வந்த திருத்தம் போடப்படாத கணினி என்றால் போதும். பப்ளிக் நெட்வொர்க்குகளுக்கும் சேர்த்து வீட்டில் அணைத்த ஃபயர்வால், லேப்டாப்பை வெளியே எடுத்துப்போய் வேறு வைஃபையில் இணைக்கும்போதும் அணைந்தேதான் இருக்கும்.

அதைவிட மோசமானது, சர்வீசஸ் பட்டியலுக்குப் போய் ஃபயர்வால் சர்வீஸையே நிறுத்துவது. மைக்ரோசாஃப்ட் இதைச் செய்யக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. ஸ்டார்ட் மெனு இயங்காமல் போவது, ஸ்டோர் ஆப்கள் நிறுவ மறுப்பது போன்ற தொடர்பே இல்லாத கோளாறுகள் இதனால் வரலாம்.

தடுப்பது ஃபயர்வால்தானா?

இதைக் கேட்காமலே விதிகளைக் கலைக்கத் தொடங்குவதுதான் அதிக நேரத்தை வீணாக்கும் தவறு. திரையில் வரும் பிழையைப் படியுங்கள். 80070035 என்று முடியும் எண், அதாவது ‘நெட்வொர்க் பாத் கிடைக்கவில்லை’ என்றால், அந்தக் கணினியை எட்டவே முடியவில்லை என்று பொருள், ஃபயர்வாலைச் சந்தேகிக்கலாம். 80070043 என்று முடிந்தால் பெரும்பாலும் ஷேர் பெயரில் எழுத்துப் பிழை. பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டாலோ, ‘அனுமதி இல்லை’ என்று வந்தாலோ, ஃபயர்வாலைத் தாண்டி உள்ளே போய்விட்டீர்கள். இனிப் பார்க்க வேண்டியது பயனர் கணக்கையும் ஃபோல்டரின் அனுமதிகளையும். இங்கே பலர் தடுக்கி விழுவது பின் எண்ணில். கணினியைத் திறக்கும் பின் எண் நெட்வொர்க்கில் செல்லாது. கணக்கின் பாஸ்வேர்டு வேண்டும்; மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் அதன் பாஸ்வேர்டு. பாஸ்வேர்டே வைக்காத கணக்கையும் விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது.

அடுத்து, கணினியின் பெயருக்குப் பதிலாக நெட்வொர்க்கில் அதற்குரிய எண்ணான ஐ.பி. முகவரியைக் கொண்டு முயலுங்கள். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் \\192.168.1.10 என்பதுபோல் தட்டச்சு செய்யுங்கள். முகவரியில் திறந்து பெயரில் திறக்கவில்லை என்றால் பகிர்வு சரியாகவே இருக்கிறது, பெயரைக் கண்டுபிடிக்கும் வேலைதான் தடைபட்டிருக்கிறது. ஒரு கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையை மட்டும் நம்பாதீர்கள். பிங் போவதால் 445 திறந்திருக்கிறது என்று ஆகாது. பிங் போகாததால் மூடியிருக்கிறது என்றும் ஆகாது. இரண்டுக்கும் தனித்தனி விதிகள்.

பப்ளிக், பிரைவேட்

அடிக்கடி அகப்படும் காரணம் இதுதான். விண்டோஸ் ஒவ்வொரு நெட்வொர்க்கையும் பப்ளிக் அல்லது பிரைவேட் என்று வகைப்படுத்தி, அதற்கேற்ற விதிகளை இயக்குகிறது. பப்ளிக் என்றால் கோப்புப் பகிர்வு மூடியிருக்கும். ‘நேற்று வரை வேலை செய்தது’ என்று சொல்பவர்களிடம், இடையில் ரவுட்டரை மாற்றினீர்களா என்று கேட்டுப் பாருங்கள். நெட்வொர்க்கை விண்டோஸ் அடையாளம் காண்பது வைஃபை பெயரை மட்டும் வைத்து அல்ல, ரவுட்டரின் வன்பொருள் முகவரியையும் வைத்துத்தான். அதே பெயர், அதே பாஸ்வேர்டு கொடுத்தாலும் புது ரவுட்டர் என்றால் அது புது நெட்வொர்க். மறுபடி பப்ளிக் ஆகிவிடும். ரவுட்டர் இல்லாமல் இரண்டு கணினிகளை நேரடியாகக் கேபிளில் இணைத்தாலும் அதை ‘அடையாளம் தெரியாத நெட்வொர்க்’ என்று பப்ளிக்கில்தான் சேர்க்கும்.

இதைச் சரிசெய்ய விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை என்று போய், இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் ப்ராப்பர்ட்டீஸில் பிரைவேட்டைத் தேர்ந்தெடுங்கள். கேபிள் இணைப்பு என்றால் வைஃபைக்குப் பதில் ஈத்தர்நெட். பிறகு அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸில் பிரைவேட் பகுதியின் கீழ் நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங் இரண்டையும் இயக்குங்கள்.

பப்ளிக் வகைக்கும் சேர்த்து டிக் செய்துவிடுவது இந்த இடத்தில் நடக்கும் பெரிய தவறு. எல்லா பப்ளிக் நெட்வொர்க்குகளிலும் பகிர்வை இயக்கவா என்று விண்டோஸே சில சமயம் கேட்கும். அப்போது ‘வேண்டாம், இந்த நெட்வொர்க்கை பிரைவேட் ஆக்கு’ என்பதையே தேர்வு செய்ய வேண்டும்.

அனுமதித்தும் திறக்காதபோது

முதலில் சரியான கணினியில் கை வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். விண்டோஸ் ஃபயர்வால் வெளியே போகும் இணைப்புகளைப் பொதுவாகத் தடுப்பதில்லை; உள்ளே வருவதைத்தான் தடுக்கிறது. ஆகவே விதியைத் திருத்த வேண்டியது ஃபோல்டர் இருக்கும் கணினியில். பிழைச் செய்தி வருவது லேப்டாப்பில் என்பதால் அதிலேயே மணிக்கணக்கில் தேடுவது வீண்.

சரியான கணினியில்தான் இருக்கிறீர்கள் என்றால், ஃபயர்வாலின் அட்வான்ஸ்டு செக்யூரிட்டி சாளரத்தைத் திறந்து இன்பவுண்ட் ரூல்ஸ் பட்டியலைப் பாருங்கள். ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங் குழுவில் எஸ்.எம்.பி.-இன் (SMB-In) என்ற விதி பிரைவேட் வகைக்குப் பச்சைக் குறியோடு இருக்க வேண்டும். அது டி.சி.பி. என்ற அனுப்பும் முறையின் 445-ஆம் போர்ட்டைத் திறக்கிறது. சிவப்புத் தடைக் குறியோடு வேறு விதி இருந்தால் அதுதான் வெல்லும்: ஒரே போர்ட்டுக்கு ஒரு அனுமதி விதியும் ஒரு தடை விதியும் இருந்தால் விண்டோஸ் தடையைத்தான் மதிக்கும். அனுமதி விதிகளை எத்தனை சேர்த்தாலும் பயனில்லை; தடை விதியை நீக்க வேண்டும். ‘உள்ளே வரும் எல்லா இணைப்புகளையும் தடு’ என்ற பெட்டியில் டிக் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால் அனுமதிப் பட்டியல் முழுவதுமே செல்லாக்காசு.

போர்ட்களைக் கையால் திறப்பவர்கள் தேவைக்கு மேல் திறந்துவிடுகிறார்கள். கோப்புப் பகிர்வுக்கு இன்று டி.சி.பி. 445 ஒன்றே போதும். யு.டி.பி. என்ற இன்னொரு அனுப்பும் முறையின் 137, 138, டி.சி.பி. 139 ஆகியவை பழைய நெட்பயாஸ் வழிக்கானவை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் புதிதாக ஷேர் செய்தால் இந்த மூன்றையும் விண்டோஸ் திறப்பதே இல்லை. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ‘நெட்வொர்க்’ பகுதியில் கணினியின் படம் தோன்றுவதற்கு யு.டி.பி. 3702 வேண்டும், நெட்வொர்க் டிஸ்கவரி குழுவை இயக்கினாலே அது திறந்துவிடும்.

படம் தோன்றாததற்காக எஸ்.எம்.பி. முதல் பதிப்பை இயக்கச் சொல்லும் அறிவுரைகள் இன்னும் உலவுகின்றன. கேட்காதீர்கள். வான்னாக்ரை நுழைந்தது அந்தப் பதிப்பின் வழியாகத்தான். விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து அது தானாக நிறுவப்படுவதில்லை. படம் தெரிய வேண்டுமானால் ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன் என்ற சர்வீஸைத் தானாகத் தொடங்கும்படி வைத்தால் போதும்.

இரண்டு காவலர்கள்

தனியாக வாங்கிய பாதுகாப்பு மென்பொருளில் ஃபயர்வாலும் இருந்தால், கட்டுப்பாடு பெரும்பாலும் அதன் கைக்குப் போய்விடும். அதன்பின் விண்டோஸ் ஃபயர்வாலில் என்ன மாற்றினாலும் விளைவு இராது. விண்டோஸ் செக்யூரிட்டியில் ஃபயர்வால் பக்கத்தைத் திறந்தால் யார் பொறுப்பில் இருக்கிறது என்று பெயரோடு தெரியும். அந்த மென்பொருளுக்குள் போய் வீட்டு நெட்வொர்க்கை நம்பகமானது என்று குறியுங்கள். ஒரே ஒரு ஐ.பி. முகவரியை மட்டும் நம்பகமானது என்று கொடுத்தால் சில நாளில் மறுபடி அடைத்துக்கொள்ளும், ஏனென்றால் ரவுட்டர் தரும் முகவரி மாறக்கூடியது. ஒன்று ரவுட்டரில் அந்தக் கணினிக்கு நிலையான முகவரியை ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் 192.168.1.0, மாஸ்க் 255.255.255.0 என்பதுபோல் உங்கள் வீட்டு முகவரி வரம்பை மட்டும் கொடுங்கள். இவ்வகை மென்பொருள்கள் சில, வெளியே போவதையும் தடுக்கும் என்பதால் இரண்டு கணினிகளிலும் பார்க்க வேண்டும்.

அந்த மென்பொருளை நீக்கிய பிறகும் தடை தொடர்ந்தால், நெட்வொர்க் போக்குவரத்தை வடிகட்டும் அதன் டிரைவர் மிச்சமிருக்கலாம். நெட்வொர்க் அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸ் பட்டியலில் அதன் பெயர் இன்னும் தெரிகிறதா என்று பாருங்கள். அந்தந்த நிறுவனம் தரும் நீக்கும் கருவியை ஓட்டி, கணினியை மறுதொடக்கம் செய்தால்தான் அது போகும்.

இணையப் போக்குவரத்தை வேறு சர்வர் வழியாக மறைத்து அனுப்பும் வி.பி.என். இணைந்திருக்கும்போது மட்டும் பகிர்வு நிற்கிறது என்றால், அதன் செட்டிங்ஸில் உள்ளூர் நெட்வொர்க்கை அனுமதிக்கும் தேர்வை இயக்குங்கள். மேக்கில் ஃபயர்வால் ஆப்ஷன்ஸில் ‘உள்ளே வரும் எல்லாவற்றையும் தடு’ என்பதை எடுத்துவிட்டால் பெரும்பாலும் வேலை முடிந்தது. லினக்ஸில், விண்டோஸோடு கோப்புகளைப் பகிர உதவும் சாம்பா மென்பொருளுக்கான விதியை உள்ளூர் வரம்புக்கு மட்டும் சேர்க்க வேண்டும்.

ஃபயர்வால் மேல் விழும் பொய்ப் பழி

இரண்டு கணினிகளின் ஐ.பி. முகவரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒன்று 192.168.1 என்றும் மற்றது 192.168.0 என்றும் தொடங்கினால் அவை வேறு வேறு நெட்வொர்க்கில் இருக்கின்றன. வீட்டில் இரண்டாவது ரவுட்டரைச் சேர்த்த இடங்களில் இது சகஜம். பிரைவேட் வகைக்கான பகிர்வு விதி உள்ளூர் சப்நெட்டை, அதாவது ஒரே முகவரி வரம்பில் இருக்கும் கணினிகளை மட்டுமே அனுமதிக்கும் என்பதால், எல்லாம் சரியாக இருந்தும் கதவு திறக்காது. விதியைத் தளர்த்துவதைவிட, இரண்டாவது ரவுட்டரை, தனி நெட்வொர்க் உருவாக்காமல் வைஃபையை மட்டும் நீட்டிக்கும் ஆக்சஸ் பாயின்ட் நிலைக்கு மாற்றுவதே நல்லது. கெஸ்ட் வைஃபையில் இணைந்த கருவிகளை மற்றவற்றோடு பேச விடாமல் ரவுட்டரே பிரித்து வைக்கும். லேப்டாப்பை முதன்மை வைஃபைக்கு மாற்றுங்கள்.

ரவுட்டரில் 445-ஐப் போர்ட் ஃபார்வர்டு செய்வது, அதாவது இணையத்திலிருந்து அந்தப் போர்ட்டுக்கு வருவதை வீட்டுக் கணினிக்குத் திருப்பிவிடுவது மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் வேண்டாம். வீட்டுக்குள் பகிர்வதற்கு அது உதவவே உதவாது. இணையம் முழுவதற்கும் உங்கள் ஃபோல்டரைத் திறந்து காட்டுவதுதான் மிச்சம்.

இவ்வளவுக்குப் பிறகும் பிடிபடவில்லையா? ஃபயர்வாலின் அட்வான்ஸ்டு சாளரத்தில் ப்ராப்பர்ட்டீஸ், பிரைவேட் ப்ரொஃபைல், லாகிங் என்று போய், தடுக்கப்பட்ட பாக்கெட்களை, அதாவது தரவுத் துண்டுகளைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். இயல்பாக இது அணைந்திருக்கும். லேப்டாப்பிலிருந்து ஒருமுறை ஷேரைத் திறக்க முயன்றுவிட்டு, பதிவுக் கோப்பில் லேப்டாப்பின் முகவரியையும் 445-ஐயும் தேடுங்கள். ‘ட்ராப்’ என்ற வரி இருந்தால் விண்டோஸ் ஃபயர்வால்தான் தடுத்திருக்கிறது. எந்த வரியும் இல்லை என்றால் விண்டோஸ் ஃபயர்வால் தடுக்கவில்லை; பெரும்பாலும் பாக்கெட் அதுவரை வந்து சேரவில்லை. ரவுட்டரிலோ, லேப்டாப்பில் இருக்கும் மென்பொருளிலோ தேட வேண்டும். எல்லா விதிகளையும் ஆரம்ப நிலைக்குத் திருப்புவதைக் கடைசி வழியாகவே வையுங்கள். அதற்கு முன் அதே சாளரத்தில் எக்ஸ்போர்ட் பாலிசி கொடுத்து இப்போதைய விதிகளை ஒரு கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.