ஒயின் வாங்கப் போகிறீர்களா? முதலில் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள்

இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கல்யாண வரவேற்புக்கோ பிறந்தநாள் விருந்துக்கோ ஒயின் வாங்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தால் இந்த வரிசைப்படி செய்யுங்கள். சுற்றுச்சூழலைக் கெடுக்காத ஒயின் என்றதும் பலரும் ‘ஆர்கானிக்’ என்ற எழுத்தைத்தான் தேடுவார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

முதல் வேலை, எடை. ஒயினால் வரும் கார்பன் புகையில் பெரும்பங்கு பெரும்பாலும் கண்ணாடி பாட்டிலுடையது. சுமார் 1,500 டிகிரி சூட்டில் உருக்கி வார்க்கிறார்கள். பிறகு திராட்சை விளையும் கேப் பக்கத்திலிருந்து டர்பனுக்கு ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் லாரியில் சுமக்கிறார்கள். 750 மில்லி பிடிக்கும் காலி பாட்டில் 400 கிராமிலும் உண்டு, 900 கிராமிலும் உண்டு. 12 பாட்டில் பெட்டி ஒன்றுக்கு 6 கிலோ வித்தியாசம், அத்தனையும் வெறும் கண்ணாடி!

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பாட்டிலைத் திறக்காமலே சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஒயின் ஏறக்குறைய 750 கிராம். தராசு 1,150 காட்டினால் பாட்டில் 400, நல்லது. 1,500-ஐத் தாண்டினால் அடுத்த தடவை வேறு எடுங்கள். அடியில் ஆழமாகக் குழி விழுந்த கனத்த பாட்டில் பகட்டுக்குத்தான். அதனால் ஒயினின் ருசி கூடாது.

நாற்பது ஐம்பது பேர் வருகிறார்கள் என்றால் பாட்டிலுக்குப் பதிலாக, அட்டைப் பெட்டிக்குள் பையில் அடைத்து வரும் 3 லிட்டர் பெட்டி ஒயினாக வாங்குங்கள். ஒரு பெட்டி நான்கு பாட்டிலுக்குச் சமம். குழாய் வழியே பிடிப்பதால் உள்ளே காற்று போகாது. திறந்த பிறகும் நான்கு வாரம் வரை தாங்கும். ஆனால் வருடக்கணக்கில் வைக்க முடியாது, தேதியைப் பாருங்கள். அட்டை மறுசுழற்சிக்குப் போகும், உள்ளே இருக்கும் பல அடுக்குப் பை பெரும்பாலும் குப்பைக்குத்தான். “பெட்டி ஒயினா?” என்று சாட்ஸ்வொர்த் பெரியம்மா உதட்டைப் பிதுக்குவார் என்று பயமா? ஜாடியில் ஊற்றி மேசையில் வையுங்கள்.

இனி பாட்டிலின் கழுத்து. தென்னாப்பிரிக்க ஒயினில் மூடியை ஒட்டி, எண் போட்ட சிறு காகிதப் பட்டை இருக்கும். அதில் ‘இன்டெக்ரிட்டி அண்ட் சஸ்டெய்னபிலிட்டி’ என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். 2010 அறுவடையிலிருந்து வரும் முத்திரை இது. தண்ணீர், பூச்சிமருந்து, கழிவு எல்லாவற்றிலும் விதிப்படி நடந்தார்கள் என்று பொருள். அந்த எண்ணை இணையத்தில் போட்டும் சரிபார்க்கலாம். எளிதில் கிடைக்கும் முத்திரை என்பதால் இதைக் குறைந்தபட்சத் தகுதி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

புரோட்டியா பூவும் சுகர்பேர்ட் பறவையும் உள்ள டபிள்யூடபிள்யூஎஃப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சின்னம் இருந்தால் இன்னும் மேல். கேப் திராட்சைத் தோட்டங்கள் இருப்பது ஃபைன்போஸ் என்ற கேப் புதர்ச்செடிகளின் சொந்த மண்ணில். அதில் ஒரு பகுதியைக் காப்பாற்றும் பண்ணைகளுக்கே அந்தச் சின்னம். தொழிலாளர் நலனுக்கு ‘வியட்டா’ முத்திரை. கூலியில் ஒரு பங்கை ஒயினாகவே கொடுத்த ‘டாப்’ வழக்கம் இருந்தவை கேப் தோட்டங்கள். நேட்டால் கரும்புக் காட்டில் ஒப்பந்தக் கூலிகளாகப் பாட்டன்மார் பட்டதைக் கேட்டு வளர்ந்த நாம் அந்த முத்திரையைத் தேடாமல் வேறு யார் தேடுவது?

பிறகுதான் ஆர்கானிக். செயற்கைப் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் இல்லை, சரி. செம்பும் கந்தகமும் அடிக்க அனுமதி உண்டு. ஸ்டெல்லன்போஷ் பக்கம் வெர்கெனூக் பண்ணையில் மருந்துக்குப் பதிலாக, நத்தைகளைத் தின்ன வாத்துக் கூட்டத்தையே தோட்டத்துக்குள் ஓட்டிவிடுகிறார்கள், அதுவும் ‘இந்தியன் ரன்னர்’ ஜாதி வாத்து!

சைவக்காரர் இருந்தால் ‘வீகன்’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளையும் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசையும் சேர்ப்பதுண்டு.

மூடி பெரிய விஷயமில்லை. கார்க் மரத்தை வெட்டாமல் ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை பட்டையை மட்டும் உரிக்கிறார்கள். திருகு மூடியின் அலுமினியமும் மறுசுழற்சிக்குப் போகும். பிளாஸ்டிக் கார்க்கைத் தவிர்த்தால் போதும்.

விருந்து முடிந்ததும் மூடியைக் கழற்றி, பாட்டிலை ஒரு தரம் அலசி, கண்ணாடித் தொட்டியில் போடுங்கள். உடைந்த டம்ளர், கண்ணாடிப் பாத்திரம், பீங்கான் எதையும் அதோடு சேர்க்காதீர்கள். அவை வேறு சூட்டில் உருகுபவை, மொத்தச் சரக்கையும் கெடுத்துவிடும்.